பாவசங்கீர்த்தனத்தில் விடுபட்ட பகுதி

1838 ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு விற்பனை ஒப்பந்தத்தில் முதலில் வரும் பெயர் ஐசக். வயது 65. அவருக்குக் கீழே அவருடைய பிள்ளைகளின் பெயர்கள், வயதுகள். பிறகு பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் என்று பட்டியல் நீண்டு 272 பேரில் போய் முடிகிறது. செருப்புத் தைப்பவர் ஒருவர் உண்டு. பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தையும் உண்டு. மொத்த விலை 1,15,000 டாலர். வாங்கியவர்கள் இருவர்: லூசியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹென்றி ஜான்சன், மருத்துவரும் தோட்ட முதலாளியுமான ஜெஸ்ஸி பேட்டி. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அன்று இது அன்றாட வியாபாரம். அன்றாடமல்லாத விஷயம், விற்றவர்கள் யார் என்பது. மேரிலாந்து இயேசு சபைக் குருக்கள் விற்றார்கள். சபையின் மாநிலத் தலைவர் தாமஸ் மல்லெடி கையெழுத்திட்டார். பட்டியலில் இருந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, திருமணம் செய்துவைத்து, நற்கருணை வழங்கிவந்ததும் அதே சபைக் குருக்கள்தான். முதல் தவணையாக வந்த பணத்தில் பெரும்பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. இன்று அது அமெரிக்காவின் மிகப் பழைய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்; உலக அளவில் பெயர் பெற்ற நிறுவனம்.

இந்த வரலாறு 2015 முதல் மாணவர் போராட்டத்தாலும் பத்திரிகைகளாலும் பொதுவெளிக்கு வந்தது. 2017 ஏப்ரலில் நடந்த வழிபாட்டில், விற்கப்பட்டவர்களின் வழிவந்தோர் முன்னிலையில் இயேசு சபை மன்னிப்புக் கேட்டது. மல்லெடியின் பெயரைத் தாங்கி நின்ற கட்டடத்துக்கு, பட்டியலின் முதல் பெயருக்குரிய ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால், கத்தோலிக்கத் திருச்சபை தன் சொந்தப் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம் பற்றி என்ன கற்பிக்கிறது? மனஸ்தாபப்பட வேண்டும், பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். திரெந்து பொதுச்சங்கம் முதல் இன்றைய மறைக்கல்வி நூல்வரை இந்த மூன்றும் மாறவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் வழி இருந்தும் கொடுக்காதவனின் மனஸ்தாபம் வெறும் நடிப்பு என்று புனித அகுஸ்தினார் அந்தக் காலத்திலேயே கண்டிப்பாக எழுதினார். திருப்பிக் கொடுத்தல் நீதியின் கடமை என்று தாமஸ் அக்வினாஸ் தனியாக ஓர் ஆய்வே செய்தார். நற்செய்தியில் வரும் வரி தண்டுபவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் தருவதாகச் சொன்ன பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். ஆகவே, இனநீதிக்கான இழப்பீட்டை ஏதோ இடதுசாரிகள் வெளியிலிருந்து திருச்சபைக்குள் கடத்திவந்த சரக்காகப் பேசுவது சரியல்ல. அது திருச்சபையின் சொந்தச் சரக்கு. தேவைப்பட்டபோதெல்லாம் அது முதல் இரண்டு படிகளோடு நின்றுகொண்டது என்பதே என் குற்றச்சாட்டு. நின்றுகொள்ளாத சில தருணங்களில் மட்டுமே நீதி நடந்தது என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது.

போதனைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளை அடிமைப்படுத்தக் கூடாது, அவர்கள் உடைமையைப் பறிக்கக் கூடாது என்று 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அறிவித்தார். (அதற்கு 85 ஆண்டுகளுக்கு முன்பு, 1452இல், புறமதத்தினரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்ச்சுகல் மன்னருக்கு அனுமதி கொடுத்ததும் ஒரு திருத்தந்தைதான். அந்த வழிவந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் கைகழுவியது 2023 மார்ச்சில்.) 1839 டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வியாபாரத்தைக் கடுமையாகக் கண்டித்துத் திருமடல் வெளியிட்டார். ஜார்ஜ்டவுன் விற்பனை முடிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் திருமடல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தபோது நடந்ததைக் கவனிக்க வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து, அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபோர்சைத்துக்குப் பகிரங்கக் கடிதங்களை வரிசையாக எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றும் வியாபாரத்தைத்தான் திருத்தந்தை கண்டித்தார், உள்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் அடிமைமுறையை அல்ல என்பது அவருடைய விளக்கம். அயர்லாந்தில் பிறந்த ஆயர் அவர், கல்விமான், கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி, உள்ளூர் எதிர்ப்பில் அதை மூட வேண்டிவந்தவரும்கூட. கெட்ட மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட்டால் விஷயம் சுலபமாகிவிடும். அவர் கெட்டவர் அல்லர். புராட்டஸ்டன்டு பெரும்பான்மைக்கு நடுவே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட சிறுபான்மைச் சபையைக் காப்பாற்ற நினைத்தார். அந்தக் காப்பாற்றலுக்கான விலையைத் தன் பங்குகளிலிருந்த அடிமைகளைக் கொடுக்கவைத்தார். போதனை இருந்தது, அதைப் பின்பற்ற யாராவது எதையாவது இழக்க வேண்டும் என்ற கட்டம் வந்ததும் விளக்கவுரை பிறந்துவிட்டது.

1838 விற்பனைக்குள்ளும் இதே கதைதான். ரோமில் இருந்த இயேசு சபை உலகத் தலைவர் யான் ரூத்தான் 1836இல் விற்பனைக்குச் சம்மதித்தபோது நிபந்தனைகள் விதித்தார். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது. வாங்குபவர்கள் அவர்களுடைய கத்தோலிக்க வழிபாட்டுக்கு வழிசெய்ய வேண்டும். வருகிற பணத்தைக் கடன் அடைக்கவோ அன்றாடச் செலவுக்கோ தொடக் கூடாது. மூன்றும் மீறப்பட்டன. குடும்பங்கள் சிதறின, லூசியானாவின் கரும்பு, பருத்தித் தோட்டங்கள் பலவற்றுக்கு அருகில் கோயிலும் இல்லை, குருவும் இல்லை, பணம் கடனுக்குப் போனது. செய்தி ரோமை எட்டியதும் மல்லெடி பதவி இழந்து ஐரோப்பாவுக்கு வரவழைக்கப்பட்டார். இதுவரை சொல்லி நிறுத்தினால், திருச்சபை தன் நெறியைக் காப்பாற்றிக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் அவர் அமெரிக்கா திரும்பினார். மாசசூசெட்ஸில் 1843இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரியின் முதல் தலைவரானார். விற்றவருக்குத் தண்டனையும் கிடைத்தது, மறுவாழ்வும் கிடைத்தது. விற்கப்பட்டவர்களை மீட்க ஒரு டாலர்கூடச் செலவிடப்படவில்லை. ரூத்தானின் கோபம் உண்மையானது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அது நிபந்தனை மீறப்பட்டதன் மேல் எழுந்த கோபம். ஞானஸ்நானம் பெற்ற ஒரு மனிதனை நிபந்தனையோடு விற்கலாம் என்ற ஏற்பாட்டின் மேல் அந்தக் கோபம் திரும்பவே இல்லை.

வரலாற்றின் கிண்டல் அதோடு நிற்கவில்லை. ஹோலி கிராஸ் கல்லூரியின் தொடக்க மாணவர்களில் ஹீலி சகோதரர்கள் இருந்தார்கள். தந்தை ஜார்ஜியாவில் குடியேறிய அயர்லாந்துக்காரத் தோட்ட முதலாளி. தாய் அவருடைய அடிமை. ஜார்ஜியா சட்டப்படி பிள்ளைகளும் பிறப்பால் அடிமைகள்தாம். மல்லெடி தலைமை தாங்கிய கல்லூரி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஜேம்ஸ் ஹீலி முதல் பட்டதாரி அணியின் முதல் மாணவர். 1875இல் ஆயரும் ஆனார். தம்பி பேட்ரிக் ஹீலி 1870களில் ஜார்ஜ்டவுனின் தலைவராகவே அமர்ந்தார். தோற்றத்தில் வெள்ளையராகத் தெரிந்ததால், அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை என்றே அவரை உலகம் எண்ணியது. அந்த வாய்ப்பு இல்லாத ஒருவரின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அகஸ்டஸ் டோல்டன் 1854இல் மிசூரியில் கத்தோலிக்க முதலாளிகளின் வீட்டில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது தாய் மார்த்தா பிள்ளைகளோடு மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாயின் குவின்சிக்குத் தப்பினார். மகனுக்குக் குருவாக ஆசை. அமெரிக்காவின் குருமடம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோமில் படித்து 1886இல் அங்கேயே திருநிலைப்படுத்தப்பட்டார். குவின்சிக்குத் திரும்பியவரைச் சக குரு ஒருவரே விரட்டாத குறை. சிகாகோவில் ஏழைக் கறுப்பினப் பங்கு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது, 1897 ஜூலை வெயிலில் சுருண்டு விழுந்து 43 வயதில் இறந்தார். 2019இல் ரோம் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. புனிதர் பட்டத்துக்கான படியில் அவரை ஏற்றிவைப்பது மகிழ்ச்சிக்குரியதே. அவரைச் சேர்க்க மறுத்த குருமடங்களின் நிர்வாகக் கோப்புகளை யாராவது திறந்து பார்த்தார்களா என்பது என் கேள்வி.

'அந்தக் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?' என்பது வழக்கமான மறுப்பு. அறிவுள்ள மறுப்புதான்; ஆனால் இங்கே பொருந்தாது. மேரிலாந்துக் குருக்களில் சிலர் அன்றே இந்த விற்பனையை எதிர்த்தார்கள். ரோம் அன்றே நிபந்தனை விதித்தது, அன்றே தண்டித்தது. பக்கத்து ஊரான பால்டிமோரில் 1829இலேயே ஒப்லேட் அருட்சகோதரிகள் சபையைக் கறுப்பினப் பெண்கள் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய மேரி எலிசபெத் லாங்கே. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1889இல் டேனியல் ரட் என்ற பத்திரிகையாளர் வாஷிங்டனில் கறுப்பினக் கத்தோலிக்கர் மாநாட்டைக் கூட்டினார். ரட் அடிமையாகப் பிறந்தவர். திருச்சபையே எங்கள் நம்பிக்கை, அதன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எங்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று அந்த மாநாடுகள் கேட்டன. அப்படியென்றால் 'இன்றைய அளவுகோல்' என்று நாம் சொல்வது உண்மையில் அன்று விற்கப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கையில் வைத்திருந்த அளவுகோல். அந்தக் காலத்தின் குரல் என்று வெள்ளைக் கத்தோலிக்கரின் குரலை மட்டும் எண்ணினால்தான் இந்த மறுப்பு நிற்கும்.

இன்னொரு மறுப்பு, திருச்சபையின் வேலை ஆன்மாக்களை மீட்பது, சமூகத்தைத் திருத்துவது அரசியல்வாதிகளின் வேலை என்பது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பக்தியாகவே சொல்கிறார்கள். ஆனால் கத்தோலிக்க வாழ்வில் எது ஆன்மா, எது சமூகம் என்று கோடு போட முடியாதபடி எல்லாம் அருட்சாதனங்களில் பின்னிக் கிடக்கின்றன. திருமணம் அருட்சாதனம் என்றால், கணவனை ஒரு தோட்டத்துக்கும் மனைவியை இன்னொரு தோட்டத்துக்கும் விற்பது எப்படி வெறும் பொருளாதார நடவடிக்கை ஆகும்? நற்கருணை கிறிஸ்துவின் ஒரே உடல் என்றால், நியூ ஆர்லியன்ஸ் கோயில்களில் கறுப்பினத்தவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் நற்கருணை வாங்கியது எப்படி வெறும் உள்ளூர் வழக்கம் ஆகும்? இனவெறி கோயிலுக்கு வெளியே நின்ற பிரச்சினையாக இருந்திருந்தால், ஆயர்கள் அறிக்கை விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அது நற்கருணை வரிசைக்குள்ளேயே நின்றது.

அந்த நியூ ஆர்லியன்ஸில்தான் என் வாதத்துக்கான இரு பக்கச் சான்றும் கிடைக்கிறது. பேராயர் ஜோசப் ரம்மல் 1953இல் கோயில்களில் இனப்பிரிவினை ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். 1955இல் ஜெசூட் பெண்ட் என்ற ஊரின் சிற்றாலயத்தில் கறுப்பினக் குரு ஒருவரைத் திருப்பலி நிறைவேற்ற விடாமல் மக்கள் தடுத்தபோது, அங்கே வழிபாட்டையே நிறுத்தினார். 1956இல் இனப்பிரிவினை பாவம் என்று சுற்றுமடல் எழுதினார். இவ்வளவு தெளிவாக எழுதியவரின் கத்தோலிக்கப் பள்ளிகள் அதற்குப் பிறகும் ஆறு ஆண்டு பிரிவினையோடுதான் நடந்தன. பெற்றோர் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களோ, காணிக்கை நின்றுவிடுமோ, பள்ளிகளுக்குக் கிடைக்கும் அரசு உதவியைச் சட்டமன்றம் வெட்டிவிடுமோ என்ற பயம். நீதிமன்ற ஆணையின்படி 1960 நவம்பரில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் கூட்டாட்சிக் காவலர்களோடு அதே நகரின் அரசுப் பள்ளிக்குள் நடந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவு இன்னும் மூடியே இருந்தது. பாவம் என்று அறிவித்த திருச்சபையை, பாவம் என்ற வார்த்தையே தெரியாத நீதிமன்றம் முந்திவிட்டது. கடைசியில் 1962 மார்ச்சில், 85 வயதில், கண்பார்வை மங்கிய ரம்மல் பள்ளிகளைத் திறக்க உத்தரவிட்டார். எதிர்த்து ஆள் திரட்டிய மூவரை ஏப்ரலில் திருச்சபையிலிருந்து விலக்கினார். அதில் ஒருவர் லியாண்டர் பெரெஸ், வட்டாரமே அஞ்சிய அரசியல் பெரும்புள்ளி. ஒன்பது ஆண்டுக் கடிதங்கள் செய்யாததை அந்தச் சில வாரங்கள் செய்தன.

செயின்ட் லூயிஸில் இதற்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. பேராயர் ஜோசப் ரிட்டர் 1947இல், பள்ளிப் பிரிவினையைத் தடைசெய்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டு முன்பே, தன் மறைமாவட்டப் பள்ளிகளில் பிரிவினையை ஒழித்தார். நூற்றுக்கணக்கான பெற்றோர் சங்கம் சேர்ந்து வழக்குப் போடுவோம் என்றபோது, போட்டால் திருச்சபைக்கு வெளியேதான் என்று கோயில்களில் வாசிக்கவைத்தார். எதிர்ப்பு அடங்கிவிட்டது. பிலடெல்பியா வங்கி முதலாளியின் மகள் காதரீன் டிரெக்சல் தன் பரம்பரைச் சொத்தில் சுமார் 2 கோடி டாலரைக் கறுப்பின, பூர்வகுடிப் பிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்தார்; நியூ ஆர்லியன்ஸில் அவர் நிறுவிய சேவியர் பல்கலைக்கழகம் இன்றும் கறுப்பின மருத்துவர்களை உருவாக்கும் முன்னணி நிறுவனம். அவருடைய சபை நீண்ட காலம் கறுப்பினப் பெண்களைச் சகோதரிகளாகச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருச்சபை எவ்வளவோ செய்திருக்கிறதே என்று இந்தப் பெயர்களைக் காட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்: ரிட்டர் செல்வாக்குள்ளவர்களின் பகையை ஏற்றார், டிரெக்சல் சொத்தைக் கொடுத்தார், ரம்மல் காணிக்கையைப் பணயம் வைத்தார். அமெரிக்க ஆயர் பேரவை 1958இல், 1979இல், 2018இல் இனவெறியைக் கண்டித்து வெளியிட்ட ஆவணங்கள் இவர்களுடைய செயல்களைவிடக் கோட்பாட்டில் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றுக்காக யாரும் எதையும் இழக்கவில்லை. இதற்கிடையே 1966 ஆகஸ்டில் சிகாகோவின் மார்க்கெட் பூங்காவில் மார்ட்டின் லூதர் கிங் மீது கல் விழுந்தது. அது கத்தோலிக்கர் நிறைந்த வட்டாரம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வடக்கன்குளம் கோயில் நினைவுக்கு வந்திருக்கும். நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றின் வரலாற்றை மற்றொன்றின் மேல் அப்படியே ஒட்டினால் இரண்டுமே சிதைந்துவிடும். ஆனால் அதே இயேசு சபை, அதே திருப்பலி, அதே தயக்கம். நெல்லைச் சீமையின் அந்தக் கோயிலில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து நின்ற சுவரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் இடித்தார்கள். தனியாக உட்காரும் உரிமை போய்விட்டது என்று வேளாளக் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான அந்த வழக்கில் எதிர்த்தரப்பு திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த். தீர்ப்பு ஆயர் பக்கம் வந்தது. சுவர் விழுந்ததற்குக் காரணம் வசதியானவர்களின் கோபத்தைத் தாங்க ஓர் ஆயர் துணிந்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தலித்துகளுக்கு எதிரான பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு தனிக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிப் பட்டியலுக்கு வெளியே வைத்திருப்பதை எதிர்த்துத் திருச்சபை நியாயமாகவே குரல் கொடுக்கிறது. அரசிடம் கேட்கும் அதே பங்கைத் தன் குருமடங்களிலும் கல்லூரி நிர்வாகங்களிலும் ஆயர் நியமனங்களிலும் கொடுத்துக் காட்டினால் அந்தக் குரலுக்குக் கனம் கூடும். 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானது தொடக்கம் என்றால், எவ்வளவு தாமதமான தொடக்கம்!

ஜார்ஜ்டவுனுக்கே திரும்புவோம்; பரிகாரம் என்ற மூன்றாவது படியை நோக்கி ஓரளவாவது நகர்ந்த இடம் அது. 2019இல் மாணவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, ஒவ்வொரு பருவத்துக்கும் 27 டாலர் 20 சென்ட் செலுத்த ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு சம்மதித்தார்கள். 272 என்ற எண்ணை நினைவூட்டும் தொகை. (18, 20 வயதுப் பிள்ளைகள் பர்ஸைத் திறந்த பிறகே பெரியவர்களின் பேச்சு சூடுபிடித்தது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.) நிர்வாகம் அதை அப்படியே ஏற்காமல், ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் நிதி ஒன்றை ஏற்பாடு செய்தது. 2021 மார்ச்சில் இயேசு சபை, வழிவந்தோரோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் தருவதாக உறுதி சொன்னது. 100 கோடி டாலர் திரட்டுவது நீண்ட கால இலக்கு. 2023இல் ஜார்ஜ்டவுன் 1 கோடி டாலரும், மேரிலாந்தில் பழைய தோட்ட நிலத்தில் மீந்திருந்ததை விற்று இயேசு சபை 1.7 கோடி டாலரும் கொடுத்தன. வாக்குறுதிக்கும் கைக்கு வந்ததற்கும் இடையே உள்ள தூரத்தை வழிவந்தோரே பகிரங்கமாகச் சுட்டிக்காட்டிவருகிறார்கள். இருந்தாலும் அந்த நில விற்பனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடிமைகள் உழுத மண்ணை விற்ற காசு அவர்கள் வழிவந்தோருக்குப் போயிருக்கிறது. பரிகாரம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது அரிது.

'நான் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கும் இன்றைய கத்தோலிக்கருக்கு என்ன பதில்? தனிமனிதராக அவர் கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே கடனாளி தனிமனிதர் அல்லர். இயேசு சபை 1838இல் இருந்த அதே சபை. ஜார்ஜ்டவுன் அதே நிறுவனம். தன் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம், 19ஆம் நூற்றாண்டுக் கணக்கு மட்டும் தன்னுடையதல்ல என்று சொல்ல முடியாது. தாத்தாவின் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர் அதன் மேலிருந்த அடமானத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: பணத்தை யாருக்கு, எப்படி, எந்த அளவில் கொடுப்பது? வழிவந்தோர் பல ஆயிரம் பேர். தங்களுக்குள்ளேயே அவர்கள் ஒத்துப்போவதில்லை. நேரடித் தொகை வேண்டும் என்பவர்களும், கல்வி உதவியே சரி என்பவர்களும், அறக்கட்டளையின் நிர்வாகத்தையே சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குழப்பம் உண்மை. ஆனால் கடன் எவ்வளவு என்பதில் தகராறு இருப்பது, கடனே இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. சொத்துத் தகராறுகளைத் தீர்க்க உலகமெங்கும் நீதிமன்றங்கள் இருக்கின்றன; பல நூற்றாண்டுச் சொத்துகளை நிர்வகித்துவரும் திருச்சபைக்கு இந்தக் கணக்கு மட்டும் புரியாது என்பது நம்பும்படியாக இல்லை.

அடுத்து என்ன என்று கேட்டால், முதலில் பதிவேடுகள். அடிமைகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பங்குக் கோயில்களின் பேரேடுகளில் இருக்கின்றன. பெரும்பாலும் முதல் பெயர் மட்டும், பக்கத்தில் முதலாளியின் பெயர். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் வழிவந்தோர் தங்கள் மூதாதையரைத் தேடுகிறார்கள். 2025 மே மாதம் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்வான உடனே, அவருடைய தாய்வழித் தாத்தா பாட்டி நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் குடும்பத்தினர் என்பதும், 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கறுப்பினத்தவராகவும் சிகாகோ போன பிறகு வெள்ளையராகவும் அவர்கள் பதிவாகியிருப்பதும் வெளிவந்தது. பழைய ஆவணங்களைப் பத்திரப்படுத்திவைத்த ஊர் என்பதால் அது அவ்வளவு சீக்கிரம் நடந்தது. திருத்தந்தைக்குக் கிடைத்தது சாதாரணக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும். பேரேடுகளை எண்மப்படுத்தக் காப்பக ஊழியரின் சம்பளத்தைத் தவிரப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்தது நிலப் பத்திரங்கள். அடிமைகளை வைத்திருந்தது மேரிலாந்து இயேசு சபை மட்டுமல்ல. மிசூரியில் வின்சென்ட் சபையினர், கென்டக்கியில் லொரெட்டோ சகோதரிகள், லூசியானாவின் கிராண்ட் கோட்டோவில் திரு இருதயச் சகோதரிகள் என்று துறவற சபைகள் பல வைத்திருந்தன. சில சபைகள் தாமாகவே ஆராய்ந்து ஒப்புக்கொண்டும் இருக்கின்றன. அப்படிப்பட்ட நிலம் இன்னும் எந்தெந்தச் சபையின், எந்தெந்த மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கிறது, விற்றிருந்தால் காசு எந்தக் கட்டடத்தில் போய்ச் சேர்ந்தது என்பதை அமெரிக்க ஆயர் பேரவை ஒரே பட்டியலாக வெளியிடலாம். அதற்கு ரோமிலிருந்து புதிய திருமடல் எதுவும் வர வேண்டியதில்லை.